மச்சானின் தொடையில் உறங்கிய பொயிலர்கள்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்று என் தங்கச்சி இன்றைக்கும் கேலி செய்வாள். செய்யட்டும். ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் நான் சூப்பராக இருந்த கட்டடத்தில் ஊரில் எஞ்சினியராக இருந்தவர் குடியிருந்தார், கணக்காளர் குடியிருந்தார், ரக்சி ஓடிக்கொண்டே பரீட்சைக்குப் படித்த வைத்தியர் ஒருவரும் குடியிருந்தார். மாசி மாதக் குளிரில் அத்தனை பேரும் விறைக்காமல் நித்திரை கொண்டது என் கையால். சூப்பர் என்றால் கட்டடத்தைப் பராமரிக்கிறவன். தண்ணீர்க் குழாய், குப்பை, எலிவேற்றர், நிலக்கீழ் அறையில் உறுமி வீடுகளைச் சூடாக்குகிற பொயிலர் எல்லாம் அவன் பொறுப்பு.

கோப்பை கழுவித் தொடங்கியவன் நான். பிறகு துடைப்பம். பிறகு பொயிலர் அறையைக் கூட்டப் போய், அதன் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லப் பழகினேன். இன்றைக்கு என் பெயர் எழுதிய வான் வண்டிகள் பொயிலர் திருத்த ஒஷாவா வரைக்கும் ஓடுகின்றன. யூனியன்வில்லில் வீடு. இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது வேறு பொயிலர். அது என் மச்சானின் தொடைக்குள் இருந்தது.

மச்சான் என்றால் தங்கச்சியின் கணவர். அதே கட்டடத்தில் ஆறாம் மாடியில் அவர்களுக்கு வீடு எடுத்துக் கொடுத்ததும் நான்தான். ஸ்காபரோவில் ஒரு பேக்கரியில் கோதுமை மாச் சாக்கு இறக்கும் வேலை அவருக்கு. ஒரு தோளில் சாக்கு, மற்றத் தோளில் சாக்கு, வாயில் பகிடி. அப்படிப்பட்ட மனிதர் தொண்ணூற்றேழாம் ஆண்டு நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுந்தார். பைபாஸ் செய்து காப்பாற்றினார்கள். தையல் ஆறியதும் நடக்க வேண்டும் என்று வைத்தியசாலையில் சொல்லித்தான் அனுப்பினார்கள். நாங்கள் கொண்டுவந்து கதிரையில் இருத்தினோம்.

எங்கள் ஆட்களுக்கு வருத்தக்காரனை மதிக்கத் தெரிந்த வழி அதுதான். பார்க்க வருகிறவர்கள் திராட்சைப்பழமும் மோல்ற் மாவும் கொண்டு வருவார்கள். மச்சான் மரியாதைக்கு எழும்பப் பார்ப்பார். "ஐயோ, இருங்கோ அண்ணை, அசையாதேங்கோ" என்று நாலு பேர் பதறுவார்கள். ரீவியின் ரிமோற்றுக்குக் கையை நீட்டினால் ஒருவர் ஓடி எடுத்துக் கொடுப்பார். சாப்பிட்ட கையைக் கழுவத் தங்கச்சி பேசின் கொண்டுவருவாள், காலுறையும் அவளே போட்டுவிடுவாள். வருத்தக்காரன் எவ்வளவுக்கு அசையாமல் இருக்கிறானோ அவ்வளவுக்கு அந்தக் குடும்பம் நல்ல குடும்பம். அந்தக் கணக்கில் என் தங்கச்சி குடும்பத்தை வெல்ல ரொறன்ரோவில் ஆள் இல்லை.

ஒரு வருடம் போனது. கதிரையிலிருந்து குளியலறைக்குப் போய்வருவதற்குள் மச்சானுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நாளெல்லாம் இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பார்த்தபடி இருப்பார். கதை கொடுத்தால் பதில் வராது, உதடு மட்டும் அசையும். எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இதய வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, இந்த மூச்சு வாங்கல் இதயத்தால் வருகிறதென்றால் நெஞ்சை மறுபடியும் திறக்க வேண்டிவரலாம், ஆனால் அப்படித் தெரியவில்லை, முதலில் இன்னொரு இடத்தில் காட்டிப் பார்ப்போம் என்றார். 'மறுபடியும் திறக்க' என்றதற்குப் பிறகு தங்கச்சிக்கு எதுவும் கேட்கவில்லை.

"அண்ணை, இன்னொருக்கா வெட்டினா இந்த மனிசன் திரும்பி வராது. எனக்குத் தெரியும்" என்றாள், எலிவேற்றருக்குள் வைத்து. மச்சான் பக்கத்தில்தான் நின்றார். விரல் மணிக்கட்டில்.

இன்னொரு இடம் என்று அவர் சொன்னது பல்கலைக்கழகத்தில் தசைகளை ஆராய்கிற ஒரு கூடம். அதை நடத்தியவர் போலந்திலிருந்து வந்த ஒரு பெண் விஞ்ஞானி. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலம் மாதிரியே ஏறி இறங்கி ஓடும், அதனால் இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கியது. இதய நோயாளிகளின் தசையையும் சுகதேகிகளின் தசையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வேலை. மச்சானின் தொடையிலிருந்து அரிசிமணி அளவு தசை எடுக்க வேண்டும் என்றார். புட்டுக்குழலைக் குட்டியாக்கியது போல ஒரு ஊசி. அதைக் கண்டதும் மச்சான் முகம் வெளிறிப்போனது.

"முதல்ல என்ரையை எடுங்கோ" என்று நான் காற்சட்டையை உயர்த்தினேன். என் வயது ஆண்களில் சுகமாக இருப்பவர்களின் தசையும் தேவை என்று அவர் சொல்லியிருந்தார். அப்படியான ஆள் வேறு எங்கே தேடப் போகிறார்? விறைப்பூசி போட்டு எடுத்தார்கள். குத்தும்போது மட்டும் ஒரு அழுத்தம், அவ்வளவுதான். நான் சிரித்துக்கொண்டே கிடந்தேன். அதற்குப் பிறகு மச்சானால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அதன்பின் அவரை ஒரு சைக்கிளில் ஏற்றி, முகத்தில் மூடி பூட்டி, நெஞ்சில் வயர்கள் ஒட்டி, முடிந்த அளவு மிதிக்கச் சொன்னார்கள். முடிந்த அளவு மிகக் கொஞ்சம்.

அடுத்த கிழமை முடிவு சொல்லக் கூப்பிட்டார். தங்கச்சியும் வந்தாள். நுணுக்குக்காட்டியில் இரண்டு கண்ணாடித் துண்டுகள். தசையை மெல்லிய சீவலாக்கி ஒரு சாயம் போட்டிருந்தார்கள். சக்தி செய்கிற இடங்கள் நீலமாகத் தெரியும் என்றார். என்னுடையது நல்ல கருநீலம், இடுப்பில் கட்டுகிற புதுச் சாரம் மாதிரி. மச்சானுடையது பலமுறை தோய்த்த பள்ளிச் சட்டைக்கு நீலம் போட்டது மாதிரி. நீலம் இருக்கிறதா இல்லையா என்று சண்டை பிடிக்கலாம்.

"பாத்தீரே மச்சான்? ஐஞ்சாம் வகுப்புத் தொடை!" என்றேன்.

"உம்மட தொடையில தெரியிறது பெருமை. அதுக்கும் உந்தச் சாயம் பிடிக்குமாக்கும்" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பகிடி.

விஞ்ஞானி சொன்னது இதுதான். இதயம் நன்றாக அடிக்கிறது. இரத்தம் போகிறது, காற்றும் போகிறது. போய்ச் சேர்ந்த காற்றால் சாப்பாட்டை எரித்துச் சக்தியாக்கத் தசைக்குள் ஆள் இல்லை. தசையின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் மைற்றோகொண்ட்ரியா என்று நுணுக்கமான அடுப்புகள் இருக்கின்றன, அவை குறைந்துபோய்விட்டன.

தங்கச்சி ஊரில் ஏ.எல். வகுப்பில் உயிரியல் படித்தவள். "இழைமணி, அண்ணை" என்றாள். அன்றைக்குச் சொற்கள் அவளிடமிருந்து வந்தன, விளக்கம் என்னிடமிருந்து. பிறகு அவள் கண் கூர்மையானது. "இழைமணி தாயிட்ட இருந்துதான் வரும். நான் அப்பவே சொன்னனான், மாமியின்ர பக்கம் எல்லாரும் பெலனில்லாத சோங்கிகள்."

"செத்துப்போன மனிசியை ஏனப்பா இழுக்கிறாய்?" என்றார் மச்சான்.

நான் இதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டேன், மாமியாரையும் சேர்த்து. விஞ்ஞானி கதிரையில் சாய்ந்து சிரித்துவிட்டுச் சொன்னார்: அந்த அடுப்புகளுக்குள் தாயிடமிருந்து வந்த சிறிய ஒரு குறிப்புக் கட்டு இருப்பது உண்மை. ஆனால் அதில் இருப்பவை சில பாகங்களின் வரைபடங்கள் மட்டுமே. அடுப்பைக் கட்டத் தேவையான மிச்சம் எல்லா வரைபடங்களும், நூற்றுக்கணக்கில், கலத்தின் கருவுக்குள் இருக்கின்றன. அவை தாயும் தகப்பனும் சேர்ந்து கொடுத்தவை. இவருடைய வரைபடங்களில் பழுது ஒன்றும் தெரியவில்லை. கரு அவற்றைத் திறந்து வாசிப்பதைக் குறைத்துவிட்டது.

அந்த இடத்தில் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. கை தட்டினேன் என்றே நினைக்கிறேன்.

என் கட்டடத்தில் ஒரு பக்கம் திருத்த வேலைக்காக நீண்டகாலம் வெறுமையாகக் கிடந்தது. குடி இல்லை, முறைப்பாடு இல்லை. குளிருது என்று ஒருவரும் கட்டட நிர்வாக ஒவிசுக்குப் போன் அடிக்கவில்லை. ஒவிஸ் என்ன செய்தது? அந்தப் பக்கத்துக்குப் பாகமும் அனுப்பவில்லை, ஆளும் அனுப்பவில்லை. பிறகு குடிவந்தவர்கள் குளிருது என்று கத்தினார்கள். பொயிலர் பழுது என்று எல்லாரும் சொன்னார்கள். இல்லை என்று சொன்னவன் நான் ஒருவன். முறைப்பாடு போகாத இடத்துக்கு ஒவிஸ் ஒரு ஆணியும் அனுப்பாது. முறைப்பாடு தொடர்ந்து போகத்தான் பாகமும் ஆளும் வந்து சேர்ந்தன.

இதை நான் சொன்னதும் விஞ்ஞானி மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். அது சரி என்றார், ஒரு பேப்பரில் கீறியும் காட்டினார். தசை வேலை செய்யும்போது சக்தி குறைகிறது, எரிந்த மிச்சம் சேர்கிறது, கல்சியம் ஏறி இறங்குகிறது. இவைதான் முறைப்பாடுகள். அவை கருவுக்குப் போனதும் சில புரதங்கள் திறப்புகளாக எழும்புகின்றன. அடுப்புப் பாகங்களுக்கான வரைபடங்கள், அதாவது பரம்பரையலகுகள், பலவற்றின் வாசலில் ஒரே மாதிரிப் பூட்டு இருக்கிறது, அதனால் ஒரு திறப்பு பல கதவுகளைத் திறக்கும். அப்படிச் செய்யப்படும் பாகங்களில் ஒன்று நேரே அடுப்புக்குள் போய், தாய் தந்த அந்தச் சிறிய கட்டையும் வாசிக்க வைக்கும். இரண்டு இடத்துப் பாகமும் ஒரே அளவில் வந்தால்தான் அடுப்பு பொருந்தும். திறப்புகளுக்கெல்லாம் மேலே ஒரு தலைமைக்காரர் இருக்க வேண்டும், அவர் யார் என்று இன்னும் தேடுகிறார்கள், குளிரில் வைத்த எலிகளில் இப்போதுதான் ஒருவரைக் கண்டிருக்கிறார்கள் என்றார்.

"குளிரில எழும்புறாரோ? அப்ப நாங்கள் கனடாவுக்கு வந்தது வீண்போகேல்லை" என்றேன்.

ஆனால் கடைசியாக அவர் சொன்னதுதான் முக்கியம். செய்த அடுப்பு நெடுநாள் நிற்காது. கட்டளை நின்றால் கிழமைக் கணக்கில் குறைந்துவிடும். கட்டளை மறுபடி தொடங்கினால் கூடும். அதற்கு ஒரு மருந்தும் இல்லை. மிதிக்க வேண்டும். மூச்சு வாங்க வேண்டும்.

மூச்சு வாங்க வேண்டும் என்றதை நான் தமிழில் சொன்னதும் தங்கச்சி கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டாள்.

எப்படியோ சமாதானப்படுத்தி முதல் நாள் கொண்டுபோனேன். நெஞ்சு அடிப்பதைக் காட்டுகிற திரையைப் பார்த்தபடி விஞ்ஞானி பக்கத்தில் நின்றார். இதய வைத்தியர் எழுதிக் கொடுத்த எல்லைக்குள்தான் வேகம். மச்சான் மிதிக்கத் தொடங்கினார். கொஞ்சத்தில் நெற்றியில் வியர்வை. விரல் மணிக்கட்டுக்குப் போனது. நாடி துள்ளுவது தெரிந்ததும் அவர் கண்ணில் வந்த பயத்தை நான் இதற்கு முன் ஒரு பெரிய மனிதரிடமும் கண்டதில்லை. வெளியே இருந்த தங்கச்சி கண்ணாடிக்குள்ளால் அதைக் கண்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நிப்பாட்டுங்கோ! இறங்குங்கோ நீங்கள்!"

மச்சான் இறங்கினார். அவர் இறங்கவும் ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து நான் சத்தம் போட்டேன். ஒவிஸ், முறைப்பாடு, பாகம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவள் அடுப்படியில் நின்று கேட்டாள். முடித்ததும் திரும்பினாள்.

"அண்ணை, உங்களுக்கு உது பொயிலர். பிழையாப் போனா பாகம் மாத்துவியள். எனக்கு உது புருசன்."

எனக்கு எப்போதும் மறுமொழி இருக்கும். அன்றைக்கும் இருந்தது: "பிழையாப் போனா நான் பொறுப்பு. ஆனா உந்தக் கதிரையில இருந்தா பிழையாப் போறது நிச்சயம். அதுக்கு ஆர் பொறுப்பு?"

அவள் அழுதாள். நான் போகவில்லை. அழட்டும் என்று நின்றேன். கடுமையான ஆள் என்று சொல்வார்கள், சரிதான்.

அந்த நேரம் கதிரையிலிருந்து குரல் வந்தது. "உங்கள் ரெண்டு பேருக்கும் நான் இஞ்ச இருக்கிறது தெரியுதோ?"

நாங்கள் திரும்பினோம். மச்சான் கதிரையின் இரண்டு கையையும் பிடித்து, ஒருவர் உதவியும் இல்லாமல் எழும்பி நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. விரலை மணிக்கட்டில் வைக்கவில்லை.

"என்ர கால் பாக்க உயிரோட கிடக்கு, உள்ளுக்கு ஆளில்லை எண்டு அந்த மனிசி சொல்லுது. ஆளில்லாத வீட்டில நான் ஏன் காவல் இருக்கிறன்? நாளைக்கும் போறன். நீயும் வா. என்ர முதுகில கையை வைச்சுக்கொண்டு நில். விழுந்தா பிடி. கத்தாதை."

அப்படியே நடந்தது. அந்த இலையுதிர்காலம் முழுவதும், கிழமையில் மூன்று நாள், மச்சான் எங்கும் போகாத சைக்கிளில் போனார். தங்கச்சி முதுகில் கை வைத்தபடி நின்றாள். முதலில் முழு உள்ளங்கை, பிறகு விரல்கள், பிறகு தன் சட்டைப்பையில் கை. நான் வானில் ஏற்றிப் போய் ஏற்றி வந்தேன். பார்க்க வருகிறவர்களை நான் வாசலிலேயே மறித்தேன். "திராட்சைப்பழத்தை வைச்சிட்டுப் போங்கோ, மச்சான் நடக்கப் போயிட்டார்" என்பேன். தங்கையின் புருசனைச் சாகடிக்கப் பார்க்கிறான் என்று கோயிலில் என்னைப் பற்றிக் கதை வந்தது. வரட்டும். வெறும் கையோடு வந்து பேரெடுத்தவனுக்கு இது மாதிரிக் கதை புதிதில்லை.

மார்கழியில் இரண்டாவது முறை தசை எடுத்தார்கள். இந்த முறை மச்சானே முதலில் காற்சட்டையை உயர்த்தினார். கண்ணாடித் துண்டை நுணுக்குக்காட்டியில் வைத்ததும் விஞ்ஞானி எழும்பி மச்சானுக்கு இடம் விட்டார். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். நீலம் ஏறியிருந்தது. திட்டுத் திட்டாக, ஓரங்களில் அடர்த்தியாக. கரு மறுபடியும் வரைபடங்களைத் திறந்து வாசிக்கிறது என்றார் விஞ்ஞானி. என்னுடைய நீலத்தை எட்டவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். இதய வைத்தியர் நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை என்று திட்டமாகச் சொன்னார்.

ஆனாலும் தங்கச்சி நம்பவில்லை. கண்ணாடியில் தெரிகிற நீலம் அவளுக்குப் போதாது. கூடத்தில் வைத்தியசாலை மாதிரி எல்லாம் இருக்கிறது, அங்கே ஒன்றும் நடக்காது, வெளியே போனால்தான் ஆபத்து என்பது அவள் வாதம். கடைக்குப் போனால் பை தூக்க விடமாட்டாள். தனியே வெளியே விடவேமாட்டாள்.

பிறகு அந்தத் தை மாதம் வந்தது. ரொறன்ரோவில் அப்போது இருந்த எவரும் மறக்கமாட்டார்கள். பனி கொட்டிக் கொட்டி, தள்ளி வைக்க இடமில்லாமல், நகரம் இராணுவத்தைக் கூப்பிட்ட தை. தெருவில் ஓடும் ட்ராம்கள் தண்டவாளத்தில் நின்றுவிட்டன. நான் காலையிலிருந்து கட்டட வாசலில் இயந்திரத்தோடு நின்றேன். வழிக்க வழிக்க மூடியது. தங்கச்சி அப்போது முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை, நடந்து போகிற தூரம்தான். பின்னேரம் வேலை முடிகிற நேரம் வந்ததும், அவள் எப்படி வரப்போகிறாள் என்று கேட்க மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

என்னிடம் எல்லா வீட்டுத் திறப்பும் இருக்கும். ஆறாம் மாடிக்குப் போய்த் திறந்தேன். ரீவி ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. குளியலறையிலும் இல்லை. வாசலில் அவருடைய பனிச் சப்பாத்து இல்லை.

பிழையாப் போனா நான் பொறுப்பு என்று சொன்னவன் நான். அந்த எலிவேற்றர் கீழே வர எடுத்த நேரம் போல நீண்ட நேரம் எனக்கு இந்த நாட்டில் கிடைத்ததில்லை. ஜாக்கெற்றைப் பூட்டாமலே தெருவுக்கு ஓடினேன்.

நடைபாதை மூடிக் கிடந்தது. நடுத்தெருவில், கார்கள் இல்லாத வெள்ளையில், இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். முன்னுக்கு வந்தவர் பனியை மிதித்து வழி செய்தார். பின்னுக்கு வந்தவள் அந்த அடிச்சுவட்டில் காலை வைத்தாள். அவளுடைய வேலைப் பை அவர் தோளில் கிடந்தது. கிட்ட வரத்தான் சத்தம் கேட்டது. அவள் பேசிக்கொண்டே வந்தாள்.

"விசர் மனிசன்! ஆர் வரச் சொன்னது? அங்க எல்லாரும் பாக்க, பனிக்கரடி மாதிரி வந்து நிக்கிறார். நெஞ்சு எப்பிடிக் கிடக்கு? சொல்லுங்கோவன்!"

"அடிக்குது" என்றார் மச்சான். "நிண்டா சொல்லுறன்."

என்னைக் கண்டதும் அவள் என் பக்கம் பாய்ந்தாள். "அண்ணை, நீங்கள்தானே அனுப்பினது?"

"சத்தியமா இல்லை" என்றேன். என் வாழ்நாளில் ஒரு பெருமையை நான் ஏற்காமல் விட்டது அன்றைக்குத்தான்.

"நானா வந்தனான்" என்றார் மச்சான். முகம் சிவந்து, மீசையில் பனி. மூச்சு வாங்கியது, ஆனால் நல்ல மூச்சு, ஏறி இறங்கி ஒழுங்காக. பொயிலர் சத்தம் கேட்டுப் பழகிய காது எனக்கு.

உள்ளே வந்தோம். நான் முன்னே போய் எலிவேற்றர் கதவைப் பிடித்து நின்றேன். மச்சான் அதைக் கடந்து, படிக்கட்டுக் கதவைத் தள்ளித் திறந்தார், பை தோளிலேயே இருந்தது. தங்கச்சி என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பையைப் பறிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் தன் தொப்பியைக் கழற்றி உதறிவிட்டு அவருக்குப் பின்னால் ஏறத் தொடங்கினாள்.

படிக்கட்டுக் கதவு தானாக மூடிக்கொண்டது. எலிவேற்றர் ரீங் ரீங் என்று கத்தியது, நான் கையை எடுக்கவில்லை. மேலே அவர்கள் போகிற சத்தம் கேட்டது. முதலாம் மாடியில் அவள் ஏசினாள், அவர் ஏதோ சொன்னார். இரண்டாம் மாடியில் அவள் சிரித்தாள். மூன்றாம் மாடியில் நின்று ஆற வேண்டிவந்தது என் தங்கச்சிக்குத்தான்.